வெப்பமண்டல ஏரியில் பாஸ்பேட் மழைக்காலத்தில் குறைந்து கோடையில் கூடுவது ஏன்?

கேள்வி – பதிந்தவர்: ஏரிநோக்கர்

அனைவருக்கும் வணக்கம். வெப்பமண்டலத்தில் உள்ள ஒரு நன்னீர் ஏரியில் ஊட்டச்சத்துக்கள் பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிவதற்காகக் கடந்த பதினான்கு மாதங்களாக மாதம் ஒருமுறை நீர் மாதிரி எடுத்து வருகிறேன். ஏரி நிரம்பி நிற்கும்போது நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழம் இருக்கும். கோடையின் இறுதியில் அது நான்கு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். படகில் நடுப்பகுதிக்குச் சென்று, மேற்பரப்பிலிருந்து அரை மீட்டர் கீழே நீர் எடுத்து, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா ஆகிய மூன்றையும் அளக்கிறேன்.

நான் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஓடிவரும் மழைநீர் நிலத்தைக் கழுவிக்கொண்டு வருவதால் மழைக்காலத்தில்தான் எல்லாச் சத்துக்களும் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நைட்ரேட் அப்படித்தான் முதல் மழையோடு சட்டென உயர்ந்தது. ஆனால் மழை ஓய்ந்த இரண்டு மாதங்களுக்குள் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. பாஸ்பேட்டோ மழை மாதங்களில் மிகக் குறைவாக இருந்து, நீர்மட்டம் இறங்க இறங்கக் கூடிக்கொண்டே போய், கோடையின் முடிவில் உச்சத்தைத் தொட்டது. சிலிக்கா மழைக்குப் பின் கூடி, பிறகு மெல்லக் குறைந்தது. நான் படித்த நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஏரிகளைப் பற்றியவை. வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் ஏரி புரண்டு, அடிநீர் மேலே வந்து சத்துக்களைக் கொடுக்கும் என்று அவை சொல்கின்றன. உறைபனியே காணாத ஓர் ஏரிக்கு அந்தக் கணக்கை எப்படிப் பொருத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் மாதிரிக் குடுவையைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி நீர் எடுத்துப் பார்த்தேன். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது குப்பியின் அடியில் துருநிறத்தில் பஞ்சு போன்ற ஒரு படிவு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு வடிகட்டி அளந்ததில் பாஸ்பேட் மேற்பரப்பு நீரில் இருந்த அளவைத் தாண்டவில்லை. அதனால் அடிநீருக்கும் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பில்லை என்று அதை விட்டுவிட்டேன். மழை பாஸ்பரஸைக் கொண்டுவரவில்லை என்று நான் முடிவு செய்யலாமா? வேறு எதையேனும் பார்க்கத் தவறியிருக்கிறேனா?


பதில் 1 – ஆழ்நீர்

வணக்கம். பதினான்கு மாதம் விடாமல் அளந்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு வீண்போகாது. ஆனால் மழை பாஸ்பரஸைக் கொண்டுவரவில்லை என்ற முடிவுக்கு அந்த எண்கள் இடம்தரவில்லை. நீங்கள் அளப்பது செறிவு, அதாவது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு இருக்கிறது என்பது. ஏரிக்குள் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்பது செறிவையும் நீரின் கொள்ளளவையும் பெருக்கினால் வருவது. மழைக்காலத்தில் ஏரியின் கொள்ளளவு மூன்று மடங்கு பெருகி, பாஸ்பேட்டின் செறிவு பாதியாகக் குறைந்திருந்தால், ஏரியில் உள்ள கரைந்த பாஸ்பேட்டின் மொத்த அளவு உண்மையில் ஒன்றரை மடங்காக உயர்ந்திருக்கிறது என்றே பொருள். வரைபடத்தில் பள்ளமாகத் தெரியும் மாதம் வரவு மிகுந்த மாதமாக இருக்கக்கூடும்.

அதோடு, வெள்ளநீரில் வரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி கரைந்த நிலையில் வருவதில்லை. களிமண் துகள்களிலும் இரும்பு ஆக்சைடு பூச்சிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் வடிகட்டி அளக்கும் பாஸ்பேட்டில் அது அகப்படாது. ஏரிக்குள் ஓட்டம் தணிந்ததும் அந்தத் துகள்கள் அடியில் படிந்து, சேற்றில் சேமிப்பாகிவிடுகின்றன. நைட்ரேட் இதற்கு நேர்மாறானது. மண் துகளில் அது ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை என்பதால் நீரோடு கரைந்தே வந்துவிடுகிறது. முதல் மழையில் அது அவ்வளவு உயர்ந்ததற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. நெடுநாள் காய்ந்து கிடந்த மண் நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரென்று உயிர்த்தெழுந்து மட்கைச் சிதைத்து நைட்ரஜனை விடுவிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-இல் எழுதிய பர்ச் என்பவரின் பெயரால் இதனைப் பர்ச் விளைவு என்கிறார்கள்.

இனி ஏரி புரளுவதைப் பற்றி. வெப்பமண்டல ஏரிகளிலும் சூடான மேல்நீர், குளிர்ந்த அடிநீர் என்று ஒன்றோடொன்று கலக்காத அடுக்குகள் உருவாகின்றன. ஆனால் அவற்றுக்கிடையே வெப்பநிலை வேறுபாடு மிகச் சிறியது. நூலைப் படித்துவிட்டு வருபவர் வெப்பமானியை இறக்கி இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டைப் பார்த்தவுடன், இது அடுக்கே அல்ல என்று எண்ணிவிடுவார். நீரின் அடர்த்தி வெப்பத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை என்பதே இங்கு அடிப்படை. 4 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குச் சூடாகும்போது ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 0.07 கிராம் மட்டுமே குறைகிறது; அதே மூன்று டிகிரி 28-இலிருந்து 31-க்கு ஏறினால் ஏறத்தாழ 0.9 கிராம் குறைகிறது. ஆகவே குளிர்நாட்டில் ஒரு காற்றில் கலைந்துவிடும் வேறுபாடு வெப்பநாட்டில் உறுதியான மூடியாக நிற்கும். அதே சமயம் மேற்பரப்பு ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே அந்த மூடி திறந்தும் விடும்.

இந்தக் குளிர்ச்சி வெப்பமண்டலத்திலும் ஏறக்குறையக் காலம் தவறாமல் வருகிறது. விக்டோரியா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. மிகுந்த ஆழம் 80 மீட்டர் அளவே. ஆண்டின் பெரும்பகுதி அடுக்குற்றுக் கிடந்து, ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்கிழக்குக் காற்று வீசி ஆவியாதல் மிகுந்து மேற்பரப்பு குளிரும்போது அடிவரை கலக்கிறது. டாங்கனிக்கா ஏரியோ 1470 மீட்டர் ஆழம். அது ஒருபோதும் அடிவரை கலப்பதில்லை. அங்கே மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரை வடக்கே தள்ளிவிட, தென்முனையில் சத்து நிறைந்த நீர் கீழிருந்து எழுகிறது. பருவத்தின் முத்திரையை இரண்டு ஏரிகளிலும் பதிப்பது காற்றும் குளிர்ச்சியும். மழை அதற்குத் துணை.

உங்கள் அடிநீர் நாற்றத்தைப் பற்றி வேதியியல் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் கேட்க விரும்புவது இரண்டு: ஒவ்வொரு மாதமும் அதே நேரத்தில்தான் மாதிரி எடுத்தீர்களா? ஆழத்துக்கேற்ப வெப்பநிலையை அளந்தீர்களா?


பதில் 2 – சோதனைக்குப்பி

அந்தத் துருநிறப் படிவை நீங்கள் விட்டுவிட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அந்தக் குப்பியின் அடியில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆக்சிஜன் உள்ள நீரில் இரும்பு கரையாத துருவாக இருக்கும். பாஸ்பேட் அதன் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். சேற்றின் மேற்பரப்பில் இந்தத் துருப்படலம் இருக்கும்வரை சேற்றுக்குள் உள்ள பாஸ்பேட் மேலே வருவது கடினம். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் இரும்பு கரையும் வடிவுக்கு மாறுகிறது; அதைப் பற்றியிருந்த பாஸ்பேட்டும் உடன் கரைந்து நீருக்குள் வருகிறது. இதனை 1936-இல் ஐன்செலேயும், இங்கிலாந்தின் ஏரிகளில் விரிவாக ஆராய்ந்து 1941, 1942 ஆண்டுகளில் மார்ட்டிமரும் எழுதினார்கள். வெப்பமண்டலத்தில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கையிருப்பே குறைவு, நுண்ணுயிர்களின் மூச்சோ பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இருமடங்காகிறது. ஆகவே அடுக்கு ஒருமுறை உருவாகிவிட்டால் அடிநீர் மூச்சற்றுப்போக வெகுநாள் ஆகாது.

இப்போது உங்கள் குப்பிக்கு வருவோம். ஆக்சிஜனற்ற அடிநீரில் இரும்பும் பாஸ்பேட்டும் கரைந்தே இருந்தன. அதனால்தான் நீர் தெளிவாகத் தெரிந்தது. குப்பியைத் திறந்து காற்றுப்பட விட்டதும் இரும்பு மீண்டும் துருவாகி, பாஸ்பேட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்தது. மறுநாள் நீங்கள் வடிகட்டியபோது அந்தப் படிவு வடிதாளில் நின்றுவிட்டது. வடிந்த நீரில் மிஞ்சியதைத்தான் அளந்தீர்கள். நீங்கள் குறித்துவைத்த எண் ஏரி அடியின் எண் அன்று, ஓர் இரவு காற்றில் வைத்த நீரின் எண்.

நாற்றமும் இரும்பும் ஒன்றாக இருக்க முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும், ஏனென்றால் அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் இரும்பு கருநிறச் சல்பைடாகச் சேற்றிலேயே கட்டுண்டுவிடும். மிகச் சிறிய அளவு சல்பைடையே நம் மூக்கு கண்டுகொள்ளும் என்பதால் இரண்டும் சேர்ந்திருப்பதில் முரண்பாடு இல்லை. ஆனால் சல்பைடு இரும்பை எடுத்துக்கொண்டால், ஏரி கலக்கும்போது பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு போதாமல் போகும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்தமுறை அடிநீரைப் படகிலேயே ஊசிக்குழல் வழியாக 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் உடனே வடிகட்டுங்கள். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்றே, பாஸ்பேட்டின் அளவை நீலநிறத்தின் அடர்வால் காட்டும் மாலிப்டினம் நீல முறையில் அளந்துவிடுங்கள். குப்பிகளைச் சோப்புப் பொடியால் கழுவாமல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவுங்கள். வடிகட்டாத மாதிரி ஒன்றைத் தனியே எடுத்துப் பெர்சல்பேட் சேர்த்துக் கொதிக்கவைத்து மொத்தப் பாஸ்பரஸையும் அளந்தால், ஆழ்நீர் சொன்ன மண்துகள் பாஸ்பரஸ் கண்ணுக்குத் தெரியவரும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் எண்கள் பாஸ்பேட்டாகவா, பாஸ்பரஸாகவா? நைட்ரேட்டாகவா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகவா? முன்னதில் 3.07 மடங்கும் பின்னதில் 4.43 மடங்கும் வேறுபாடு வரும். இதைக் குறிக்காமல் விட்ட அட்டவணைகளை ஒப்பிட்டு ஒரு மாதம் முழுவதையும் நானே வீணாக்கியிருக்கிறேன்.


ஏரிநோக்கர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் குப்பியைக் கழுவி வைத்துவிட்டேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கேட்ட கேள்விகளுக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். மழை மாதங்களில் மதியத்துக்குமேல் காற்று எழும் என்பதால் காலை ஏழு மணிக்கே படகெடுத்தேன். கோடையில் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்புதான் போக முடிந்தது. ஆழவாரியாக வெப்பநிலை அளந்தது அடிநீர் எடுத்த அந்த ஒருநாள்தான்: மேலே 31 டிகிரி, அடியில் 28 டிகிரி. அப்போது ஆழம் ஏழு மீட்டர். எண்கள் அனைத்தும் பாஸ்பரஸாகவும் நைட்ரஜனாகவும் குறித்தவையே. பாஸ்பேட்டின் ஏற்றம் ஆழம் ஐந்து மீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேகமெடுத்தது என்பதை இப்போது வரைபடத்தை மீண்டும் பார்க்கும்போது கவனிக்கிறேன். நீர் ஆவியாகிச் சுண்டுவதால் மட்டுமே அது உயர்ந்திருக்கலாம் அல்லவா?


பதில் 3 – பாசியாளர்

சுண்டுவதால் மட்டுமா என்பதைக் குளோரைடு சொல்லிவிடும். பாசியும் சேறும் குளோரைடை ஏறக்குறையத் தொடுவதில்லை. நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடும். நீர் வரத்து நின்றுவிட்ட மாதங்களில் குளோரைடு ஒன்றரை மடங்காகி, பாஸ்பேட் நான்கு மடங்காகியிருந்தால், மீதிக்கு வேறோர் ஊற்று இருக்கிறது என்று அறியலாம். குளோரைடைவிடப் பாஸ்பேட் குறைவாக உயர்ந்திருந்தால் ஏரி அதை உண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். செலவு குறைந்த சோதனை. உங்களிடம் பழைய மாதிரிகள் மிச்சமிருந்தால் அவற்றிலும் செய்யலாம், குளோரைடு கெட்டுப்போகாது.

ஐந்து மீட்டர் என்று நீங்கள் குறிப்பிட்டதுதான் என்னை எழுத வைத்தது. உகாண்டாவில் நிலநடுக்கோட்டையொட்டி ஜார்ஜ் ஏரி இருக்கிறது. அதன் சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. பகலில் வெயிலில் அடுக்குறும், இரவில் குளிர்ந்து அடிவரை கலக்கும். அதனால் அங்கே ஆண்டு முழுவதும் பாசி ஏறக்குறைய ஒரே அளவில் அடர்ந்து நிற்கிறது. பருவத்தைவிட நாளே அந்த ஏரியை ஆள்கிறது. விக்டோரியா ஏரியில் மாதக்கணக்கில் மூடியிருந்து ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் மூடி, இங்கே நாள்தோறும் திறக்கிறது. உங்கள் ஏரி ஒரே ஆண்டுக்குள் இந்த இரண்டு வகையாகவும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்பது மீட்டரில் நிற்கும்போது வாரக்கணக்கில் அடுக்குற்று, சேறு விடும் பாஸ்பேட்டை அடிநீரிலேயே அடைத்துவைக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் எடுக்கும் உங்கள் மாதிரிக்கு அது எட்டுவதில்லை. நீர் இறங்கி நான்கைந்து மீட்டரானதும் இரவுக் குளிர்ச்சியும் மாலைக் காற்றும் சேற்றைத் தொட்டுவிடுகின்றன. பகலில் அடியில் விடுபடுவது இரவில் மேலே வந்து சேர்கிறது.

அப்படி மேலே வரும் பாஸ்பேட்டை இரும்பு மீண்டும் பிடித்துக் கீழே கொண்டுபோகாதா என்றால், ஓரளவு கொண்டுபோகும். ஆனால் பாசி அடர்ந்த ஏரியில் பிற்பகலில் ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிட, பி.எச். 9-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் துருவின் மேல் பாஸ்பேட்டின் இடத்தை ஹைட்ராக்சைடு பிடித்துக்கொள்கிறது, பிடி தளர்கிறது. அதனால்தான் நேரம் முக்கியமாகிறது. காலை ஏழு மணி மழைக்கால மாதிரியையும் நண்பகல் கோடை மாதிரியையும் ஒரே கோட்டில் இணைத்தால், பருவ மாற்றத்தோடு நாள்மாற்றமும் கலந்துவிடும். அம்மோனியாவையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் இது இன்னும் கடுமையாகும்: 30 டிகிரியில் பி.எச். 7.5 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான் மீன்களுக்கு நஞ்சான வடிவில் இருக்கும், பி.எச். 9-இல் அது 45 விழுக்காடு. காலையில் அஞ்ச வேண்டாத அதே நீர் மாலையில் மீனைக் கொல்லும்.

நைட்ரேட் மறைந்ததற்குப் பாசி உண்டது ஒரு பாதி. மறுபாதி அடியில் நடக்கிறது: ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. ஆக, ஒரே மூச்சற்ற அடிநீர் பாஸ்பரஸை விடுவிக்கிறது, நைட்ரஜனை அழிக்கிறது. சிலிக்கா குறைந்தது டயாட்டம் என்னும் பாசிகள் தம் கூட்டைக் கட்ட எடுத்துக்கொண்டதால்தான் இருக்க வேண்டும். அது தீர்ந்ததும் இடம் நீலப்பச்சைப் பாசிகளுக்குப் போகும்.


பதில் 4 – ஆழ்நீர்

பாசியாளர் சொன்ன இரட்டை வகை விளக்கம் எனக்கு உடன்பாடே. நான் ஆழமான ஏரிகளையே எண்ணிக்கொண்டு எழுதிவிட்டேன். அதிலிருந்து ஒருவர் தாவக்கூடிய ஒரு முடிவை மட்டும் தடுக்க விரும்புகிறேன். கோடையில் பாஸ்பேட் மிகுந்து நைட்ரேட் இல்லாதிருப்பதால், இந்த ஏரிக்கு நைட்ரஜன்தான் தட்டுப்பாடு, பாஸ்பரஸைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. பாசிக்குத் தேவையான நைட்ரஜன், பாஸ்பரஸ் அணு விகிதம் 16-க்கு 1 என்ற ரெட்ஃபீல்டின் கணக்கைக் கரைந்த சத்துக்களோடு ஒப்பிடுவது சரியன்று. நீரில் மிஞ்சிக் கிடப்பது வேறு, சுழன்றுகொண்டிருப்பது வேறு. வெப்பமண்டல ஏரிகளில் நைட்ரஜன் தட்டுப்பாடு அடிக்கடி காணப்படுவது உண்மைதான். நைட்ரேட் இவ்வாறு வாயுவாக வெளியேறுவது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் அந்த நிலையில் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கும் நீலப்பச்சைப் பாசிகள் பெருக இடமுண்டு. கனடாவில் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளர் ஒரு முழு ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார். 1973-இல் பாஸ்பரஸ் இட்ட பக்கமே பச்சையானது. குளிர்நாட்டு ஏரி என்றாலும், வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தாமல் வழியில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.


பதில் 5 – பாசியாளர்

ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: பச்சையாக ஏடு படிந்தாலே அது நைட்ரஜனை நிலைநிறுத்தும், அதாவது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், பாசி என்று பொருளல்ல. மைக்ரோசிஸ்டிஸ் அதைச் செய்யாது, அனபீனா செய்யும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மணிகோத்ததுபோன்ற இழையில் இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறிய, தடித்த சுவருள்ள உயிரணு தெரிந்தால் அதுதான் ஹெட்டிரோசிஸ்ட். நைட்ரஜன் நிலைநிறுத்தம் நடக்கும் அறை அது.


ஏரிநோக்கர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே நுண்ணோக்கியில் பார்த்தேன். இழைகள் இருக்கின்றன, வெளிறிய உயிரணுக்களும் இருக்கின்றன. அடுத்த மாதத்திலிருந்து காலை ஏழு மணி என்று நேரத்தை நிலையாக வைத்து, மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையும் ஆக்சிஜனும் அளந்து, மேலே, நடுவே, அடியே என்று மூன்று ஆழங்களில் படகிலேயே வடிகட்டப் போகிறேன். நீர்மட்ட அளவுகோலின் பதிவிலிருந்து கொள்ளளவையும் கணக்கிடுகிறேன். ஆழம் ஐந்து மீட்டரை நெருங்கும் வாரத்தில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்க்கலாமா, அல்லது அதற்குமுன் ஏரி அடுக்குற்று நிற்கும்போதும் அதேபோல் ஓர் இரவு எடுக்க வேண்டுமா?


பதில் 6 – சோதனைக்குப்பி

இரண்டு இரவுகளும் எடுங்கள். ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தால்தான் கலப்பு எப்போது அடியைத் தொட்டது என்று தெரியும். இரவு மாதிரிகளில் அடிநீரை முதலில் வடிகட்டிவிட்டு, மேல்நீரைப் பிறகு வடிகட்டுங்கள். மேல்நீர் காத்திருக்கும், அடிநீர் காத்திருக்காது.